மத்தளத்தின் நாதமும் மனிதச் செவியும்

பாலக்காடு மாவட்டத்திலுள்ள பெருவெம்பு என்னும் ஊர், மத்தளம், மிருதங்கம், செண்டை முதலிய தோற்கருவிகளைச் செய்வதில் பெயர் பெற்றது. பாலக்காட்டு மத்தளம் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. பலா மரத்தைக் குடைந்து, இரு முகங்களிலும் தோலை வார்கொண்டு இழுத்துக் கட்டிய பின்னரும் மிருதங்கம் முழுமை பெறுவதில்லை. சோற்றுடன் கிட்டக்கல் பொடியைப் பிசைந்து, வலந்தலையின் நடுவே படலம் படலமாக அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்து இறுக்குகின்றனர். இக்கருந்திட்டைச் சோறு என்றும் கரணை என்றும் வழங்குவர். அவ்வப்போது தட்டிப் பார்த்து, செவியினாலேயே நாதத்தை மதிப்பிடுகின்றனர். இச்சோற்றின் பயன் யாது? அதனை மதிப்பிடும் செவி எவ்வாறு செயற்படுகிறது?

ஒலியின் தன்மை

அதிரும் பொருளே ஒலியைப் பிறப்பிக்கிறது. தோல் முன்னும் பின்னும் அசையும்போது அருகிலுள்ள காற்று மாறி மாறி நெருங்கியும் விலகியும் அலைகளாகப் பரவுகிறது. இவ்வலைகள் விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. விநாடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளையே இளமையும் நலமும் உடைய மனிதச் செவி உணரும். அதிர்வெண் மிகுந்தால் சுருதி உயரும். வீச்சு மிகுந்தால் ஒலி வலுக்கும்.

எந்தக் கருவியும் ஒரே அதிர்வை மட்டும் எழுப்புவதில்லை. தம்பூராவின் தந்தி 100 அதிர்வுகளை அடிப்படையாகக் கொண்டால், 200, 300, 400 என்னும் மேற்சுரங்களும் உடன் எழுகின்றன. இவை முழு எண் மடங்குகளாதலின், செவி அவற்றை ஒன்றுபடுத்தி ஒரே சுரமாகக் கொள்கிறது. சாதாரணப் பறையின் தோலிலோ 100க்குப் பின் 159, 214, 230 என ஒழுங்கற்ற அதிர்வுகள் தோன்றுகின்றன. ஆதலின் அதில் ஓசை உண்டு. திட்டமான சுரம் இல்லை.

இராமன் கண்ட உண்மை

சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920ஆம் ஆண்டிலும், பின்னர்த் தனியே விரிவாக 1934ஆம் ஆண்டிலும், இந்தியத் தோற்கருவிகளைப் பற்றிய ஆராய்ச்சிகளை வெளியிட்டார். தோலின்மீது நுண்மணலைத் தூவி, அது எவ்வாறு அதிர்கிறது என்பதை அவர் கண்டறிந்தார். நடுப்பகுதி மிகுதியாக அசையும் அடிப்படை அதிர்வைச் சோற்றின் பாரம் பெரிதும் தாழ்த்துகிறது. நடுப்பகுதி அசையாத அதிர்வுகளை அத்துணைத் தாழ்த்துவதில்லை. இதனால் ஒன்பது வகை அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்னும் மடங்குகளில் ஐந்து தொகுதிகளாக அமைகின்றன. விளிம்பைச் சுற்றியுள்ள தோல் வளையம் வேண்டாத உயர் மேற்சுரங்களை அடக்குகிறது. தோல், தந்தியைப் போலவே சுரம் பேசுகிறது. 1966ஆம் ஆண்டில் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் மிருதங்க வித்துவானாகிய பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) வாசிப்பில் இசையன்பர்கள் துய்த்த நாதத்திற்கும் இதுவே அடிப்படை.

செவியின் அமைப்பு

காற்றலை செவிப்பறையை அசைக்கிறது. சுத்தி, பட்டை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அவ்வசைவை நத்தை வடிவான உட்செவிக் குழலிலுள்ள திரவத்திற்குச் செலுத்துகின்றன. அக்குழலில் நீண்டு கிடக்கும் சவ்வில் உயர்ந்த சுருதிகள் வாயிலருகிலும், தாழ்ந்த சுருதிகள் உள்நுனியிலும் மிகுதியான அசைவை உண்டாக்குகின்றன. இதனை ஆராய்ந்து விளக்கிய கேயார்க் வான் பெகேசி 1961ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். சவ்வின்மீது வரிசையாக நிற்கும் மயிரணுக்கள் அசைவினை நரம்புக் குறிப்புகளாக மாற்றுகின்றன. செவி மேற்சுரங்களைப் பிரித்தறிகிறது; மூளை அவற்றை மீண்டும் ஒரு சுரமாகத் தொகுக்கிறது.

இழந்தால் மீளாதவை

ஒரு செவியிலுள்ள மயிரணுக்கள் சுமார் 15,000 மட்டுமே. பேரொலி இவற்றை நலிவித்து அழிக்கிறது. மனிதரிடத்தில் இவை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் குறைவது விநாடிக்கு 4,000 அதிர்வுகளை ஒட்டிய உயர் ஒலிகளைக் கேட்கும் திறனாகும். வலியின்றி, மெல்ல மெல்ல நேர்வதால் இக்குறை நெடுநாள் புலப்படுவதில்லை. பிறர் பேசுவது கேட்கும். ஆனால் சகரம் போன்ற மெய்யொலிகள் மங்குவதால் சொல் விளங்காது. செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்குமேயன்றி, அழிந்த அணுக்களைத் தாராது. கருவியில் சோறு உதிர்ந்தால் புதிதாக இடலாம். செவியில் அவ்வாறு செய்ய இயலாது.

ஆலையிலோ, மேளத்திலோ, ஒலிபெருக்கியின் அருகிலோ நாள்தோறும் பணிபுரிவோர் கருதவேண்டிய அளவு 85 டெசிபெல்; எட்டு மணி நேரத்திற்கு இதனையே எல்லையாக வல்லுநர் கொள்வர். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரத்தைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். செவியடைப்பான் அணிதலும், இடையிடையே அமைதியான இடத்தில் தங்குதலும் நன்று. திறந்த வெளியில் ஒலி பிறக்குமிடத்திலிருந்து இருமடங்கு தொலைவு விலகினால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். பேரொலி ஓய்ந்தபின் காதில் இரைச்சல் நீடிக்குமாயின், அதனை எச்சரிக்கையாகக் கொண்டு செவி மருத்துவரிடம் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்வது கடமையாகும். செவியே அளவுகோலாகத் தொழில் புரியும் கருவிசெய்வோர்க்கும் கலைஞர்க்கும் இது இன்றியமையாதது.