மிதிவண்டியில் நெடும்பயணம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

"அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. மிதிமேல் மிதி மிதித்தால் உலகத்தையே சுற்றி வரலாம் என்று காட்டியவர்களும் உண்டு. சைக்கிள் என்றால் டியூஷனுக்கும் மாவு மில்லுக்கும் போய்வர உதவும் வண்டி என்றே நாம் எண்ணுகிறோம். அதே வண்டியின் கேரியரில் ஒரு போர்வையும் ஒரு தார்ப்பாயும் கட்டிக்கொண்டு, ஊர்விட்டு ஊர் சென்று, மாலையில் மரத்தடியிலோ வயலோரத்திலோ கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் மீண்டும் புறப்படுவதே மிதிவண்டி நெடும்பயணம். அதற்கு என்ன வேண்டும்? நம் திண்டுக்கல் சீமையில் அது இயலுமா? பெண்களால் இயலுமா? அன்புத் தோழியரே, இவற்றைச் சற்றே ஆராய்வோம்.

நாளொன்றுக்கு 44 கிலோமீட்டர்

1923-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், பம்பாய் எடைதூக்கும் கழகத்தைச் சேர்ந்த ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். இடையில் மூவர் விலகிக்கொண்டனர். அடி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் பாரசீகம், மெசபடோமியப் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா எல்லாம் கடந்து, 1928 மார்ச் 18 அன்று பம்பாய் வந்து சேர்ந்தனர். அவர்கள் கடந்த தூரம் ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். 1931-இல் வெளிவந்த அவர்களுடைய பயண நூலுக்கு ஜவஹர்லால் நேரு முன்னுரை எழுதினார்.

71,000 என்றதும் மலைப்பாக இருக்கிறது அல்லவா? கணக்கு நோட்டை எடுத்து வகுத்துப் பாருங்கள். அவர்கள் வெளியூரில் இருந்த நாட்கள் ஏறக்குறைய 1,616. சராசரியாக நாளொன்றுக்கு வருவது 44 கிலோமீட்டர்தான். நம் ஊரிலிருந்து பழனிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். அப்படியானால் அந்த வீரர்களின் சராசரி ஒருநாள் பயணம், திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிச் சத்திரப்பட்டிப் பக்கம் போய் நிற்பது போன்றது. சுமையோடு மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே நெடும்பயணத்தின் இரகசியம் தொடையின் வலிமையில் இல்லை. மறுநாளும் அதே தூரம் போவதில் இருக்கிறது.

ஒரு கான்வென்ட் மாணவி

அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்னும் சிற்றூரில் 1931-இல் பிறந்தவர் டெர்வ்லா மர்ஃபி. பத்தாவது பிறந்தநாளுக்கு அவருக்குக் கிடைத்த பரிசுகள் ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலகப் படப் புத்தகமும். சில நாட்கள் கழித்து ஒரு மேட்டில் ஏறும்போது, மிதிக்கும் தன் கால்களைப் பார்த்து, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று அந்தச் சிறுமி எண்ணினாள். வாட்டர்ஃபோர்டு நகரில் உர்சுலைன் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்தாள். ஆனால் 14 வயதில் நோயாளித் தாயைக் கவனிக்கப் படிப்பை நிறுத்த நேர்ந்தது. தாய் 1962-இல் மறையும்வரை அவருக்குப் பணிவிடை செய்தாள்.

அதன்பின் 1963 ஜனவரியில், கடும் பனியில், தம் சைக்கிளில் தனியாகவே புறப்பட்டார். சைக்கிளுக்கு "ராஸ்" என்று பெயர். கரடுமுரடான சாலையில் கியர் பழுதானால் வழியில் சரிசெய்ய ஆளிருக்காது என்று, அதைக் கழற்றிவிட்டு ஓட்டினார். மாற்று டயர்களை முன்கூட்டியே வழியிலுள்ள நகரங்களுக்கு அனுப்பி வைத்தார். அதே ஆண்டு ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். ஆப்கானிஸ்தானில் துப்பாக்கிக் கட்டை இடித்து அவருக்கு விலா எலும்புகள் மூன்று முறிந்தன. அது நடந்தது சைக்கிளில் அல்ல, பஸ்ஸில்! பல இரவுகள் முன்பின் அறியாத மக்களின் வீடுகளிலும் தேநீர் விடுதிகளிலும் தங்கினார். 2022-இல் தம் 90-ஆம் வயதில் காலமானார்.

சுமையும் முள்ளும்

இனி நம் பயணத்துக்கு வேண்டியவற்றைப் பார்ப்போம். முதல் விதி, சுமையை முதுகில் ஏற்றாதீர்கள்; வண்டியில் ஏற்றுங்கள். கேரியரின் இருபுறமும் சம எடையில் இரண்டு பைகள் தாழ்வாகத் தொங்க வேண்டும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால் வண்டி ஆடாது என்பது நாம் படித்த பாடம்தான். ஹேண்டில் பாரில் பையை மாட்டினால் திருப்பும்போது தடுமாறும்.

இரண்டாம் விதி, அவசரப்படாதீர்கள். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. நிதானமாகப் போகிறவளே அதிக தூரம் போவாள். நம் பக்கத்தில் காற்றுக்கென்று ஒரு காலமே உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து நம் சமவெளியை நோக்கி வீசும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்கிறார்கள். அம்மியே பறக்கும்போது பழனி நோக்கி எதிர்க்காற்றில் மிதிப்பது எப்படி? தை, மாசி மாதங்களே பயணத்துக்கு ஏற்றவை. அப்போதும் விடியலில் புறப்பட்டு, பத்து பதினொரு மணிக்குள் நிழலில் ஒதுங்கி, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் செல்வது நல்லது. தண்ணீரோடு உப்பும் எலுமிச்சையும் வெல்லமும் அவலும் இருக்கட்டும்.

மூன்றாவது, கருவேல முள். பஞ்சர் ஒட்ட ஒவ்வொருத்திக்கும் தெரிந்திருக்க வேண்டும். ட்யூபைக் கழற்றிக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி வரும் இடமே ஓட்டை. ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவியதும் உடனே ஒட்டக்கூடாது. அதிலுள்ள திரவம் ஆவியாகித் தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வந்தபிறகே துண்டு ரப்பரை வைத்து அழுத்த வேண்டும். டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவி முள்ளை எடுக்க மறந்தால், அரை மைலில் மறுபடி பஞ்சர்தான்.

இரவு எங்கே?

மேலே சொன்னவை பகலின் கதை. நெடும்பயணத்தில் கடினமான பாடம் இரவு.

வெட்டவெளியில் தங்குவோர் சில இடங்களை விலக்க வேண்டும். மணல் மெத்தை போலிருக்கிறதே என்று வறண்ட ஆற்றில் படுக்கக் கூடாது. நம் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும்போதே, தொலைவில் மலையில் பெய்த மழை ஆற்றில் வந்துவிடும். கொடகனாறு ஆண்டில் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கிறது. ஆனால் 1977-இல் வேடசந்தூர்ப் பக்கத்தில் அதன் அணையே வெள்ளத்தில் உடைந்தது. தென்னந்தோப்பும் ஆபத்து, மட்டையும் காயும் தலையில் விழும். சிறுமலை, கன்னிவாடிப் பக்கத்துக் காடுகளில் காட்டுமாடுகள் உண்டு. அன்றியும் காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்ற பலர் காட்டுத்தீயில் உயிரிழந்ததை மறக்கலாகாது.

எஞ்சியிருக்கும் நிலமோ யாரோ ஒருவருடைய புஞ்சை. ஆகவே நம் நாட்டில் கூடாரம் அடிப்பதன் முதல் வேலை, முளை அடிப்பது அன்று, பொழுது சாயுமுன் தோட்டக்காரரிடம் போய், "ஐயா, இன்று இரவு மட்டும் இங்கே தங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்பது. நெருப்பு மூட்டலாமா, கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் போகும்போது ஒரு காகிதத் துண்டுகூட விட்டுச் செல்லக் கூடாது.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நமக்குப் புதிதன்று. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை வரலாற்றில் படிக்கிறோம். நாம் மேலே கண்ட ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்ற பெயர்களிலேயே சத்திரம் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்போரும், செப்டம்பர் 8 திருநாளுக்கு வேளாங்கண்ணிக்கு நடப்போரும் இன்றும் சாலையோரப் பந்தல்களிலும் திண்ணைகளிலும் படுத்தெழுந்துதான் செல்கிறார்கள்.

ஆனால் தோழியரே, மறைக்காமல் சொல்வோம். பம்பாய் இளைஞர்கள் பாலைவனத்தில் படுத்தார்கள், அவர்கள் ஆண்கள். நாலு பெண்கள் சைக்கிளில் போய் ஒரு தோப்பில் கூடாரம் அடித்தால், அன்றிரவு வீட்டில் எந்தத் தாய் கண்ணுறங்குவாள்? பெற்றோர் அஞ்சுவது நம் கால்களை நம்பாமல் அல்ல, இருட்டை நம்பாமல். அந்த அச்சம் நியாயமானதே. அதற்காகப் பயணத்தையே கைவிட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பகல் கிடைத்த கதை

ஒரு காலத்தில் பகலும்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பெண் சைக்கிள் ஓட்டினால் ஊர் சிரித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொள்ளப் பெண்களை ஊக்குவித்தார். வயல் வேலை செய்வோரும் கல் உடைப்போருமாக ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே விரும்பி ஓட்டினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! தனி ஒருத்தி ஓட்டியிருந்தால் கேலி நின்றிருக்காது. எல்லோரும் ஓட்டியதால் நின்றது.

நம் மாநிலத்தில் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய சைக்கிள் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. எனவே சைக்கிள் உண்டு, ஓட்டவும் தெரியும். இல்லாதது இரவுக்கு ஓரிடம் மட்டுமே.

ஒரு வேண்டுகோள்

திண்டுக்கல்லிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர். மணப்பாறை, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் என்று நான்கு இடங்களில் தங்கினால் ஐந்து பகலில் சேர்ந்துவிடலாம். லாரிகள் பறக்கும் நாற்கரச் சாலையை விட்டு அணுகு சாலையிலும் பழைய ஊர்ச் சாலைகளிலும் செல்லலாம். நம் மாநிலத்தில் ஒருநாள் சைக்கிள் பயணத் தொலைவுக்குள் ஒரு பெண்கள் பள்ளியாவது, கன்னியர் மடமாவது பெரும்பாலும் இருக்கும். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வகுப்பறை, ஒரு தண்ணீர்க் குழாய், வாயிலில் ஒரு விளக்கு: இவ்வளவு போதும். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டு வரும் மாணவியருக்கு ஓர் இரவு இடம் தருவது என்று அந்தப் பள்ளிகள் முடிவு செய்தால், மங்கம்மாள் சத்திரங்கள் மீண்டும் திறந்தது போலாகும். ஓர் ஆசிரியையும் உடன் வந்தால் அன்னையரும் நிம்மதியாக உறங்குவார்கள்.

முதலில் நம் பள்ளியின் வராந்தாவையே அப்படித் திறந்து வைக்கலாமே! வேறு ஊர்ச் சகோதரிகள் சைக்கிளில் வந்து இறங்கினால் வரவேற்று, பஞ்சர் ஒட்டித் தந்து, சூடாக இட்லியும் கொடுத்து அனுப்பலாம். மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளும் பெற்றோர்களும் இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டுகிறேன். மிதிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.