உலாவி ஏன் திணறுகிறது?

பாகூர் கொம்யூனில் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. கடையில் ஒரே ஒரு கணினி. சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ முடித்த பக்கத்து வீட்டு மாணவி ஒருத்தி, கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை அங்கே நிரப்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் கடைசி நாள். எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிட்டுப் புகைப்படத்தை ஏற்றும் நேரத்தில் திரை உறைந்து நின்றது. உலாவி தானாக மூடிக்கொண்டது. நிரப்பியதெல்லாம் போயிற்று. மறுபடி முயன்றாள். முக்கால் மணி நேரத்தில் அதே கதி!

"மெமரி பத்தலம்மா. கம்ப்யூட்டர் பழசு, புதுசுதான் வாங்கணும்" என்றார் கடைக்காரர்.

அவள் என் வீட்டிற்கு ஓடி வந்தாள். "சார், நாளைக்குள்ள அனுப்பணும். என்ன செய்யறது?"

காய்ச்சல் வந்தவரிடம் "உடம்பு சுடுகிறது" என்று மட்டும் சொன்னால் போதுமா? ஏன் சுடுகிறது என்று கண்டறிய வேண்டாமா? கணினிக்கும் அப்படித்தான். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம்.

நினைவகம் என்னும் ஏரி

பிரவுசர் என்று நாம் சொல்லும் உலாவி, திறந்த பக்கங்களையெல்லாம் கணினியின் நினைவகத்தில், அதாவது ரேமில், வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. அந்தக் கடைக் கணினியின் ரேம் 4 கிகாபைட். ஏறக்குறைய 400 கோடி பைட்டு. கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளே அதில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது.

பாகூர் ஏரியை நினைத்துப் பாருங்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி அது. பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீர் அதற்கு வருகிறது. மதகுகள் வழியாக வயலுக்குப் போகிறது. ஏரி நிறைந்திருப்பது குறையா? இல்லை, காலி ஏரியால் யாருக்கு லாபம்? நினைவகமும் அப்படியே. பார்த்த பக்கத்தை விரைவாக மீண்டும் காட்டுவதற்காக உலாவி பலவற்றைக் கையில் வைத்திருக்கும். எனவே 'நிறைய நினைவகம் செலவாகிறது' என்பது மட்டுமே நோய் ஆகிவிடாது.

ஆனால் மதகு அடைபட்டு, நீர் வந்துகொண்டே இருந்தால்? மட்டம் ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் கரை உடையும். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு இருக்கிறது?' என்பதோடு நிற்கக் கூடாது. 'மட்டம் ஓரிடத்தில் நிற்கிறதா, ஏறிக்கொண்டே போகிறதா?' என்பதே முக்கியம்.

நிரம்பினால் மெதுவாவது ஏன்?

ரேம் நிரம்பும்போது, கணினி அதிலுள்ள சிலவற்றை வன்தட்டுக்கு மாற்றுகிறது. தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும். சுழலும் வன்தட்டில் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி நொடி ஆகும். வகுத்துப் பாருங்கள்: ஒரு லட்சம் மடங்கு! ரேமில் ஒரு நொடியில் முடியும் வேலை என்று கொண்டால், வன்தட்டில் அது ஒரு நாளைக்கும் மேல். திரை உறைந்து நின்றதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

ஒரு படம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

நம் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாகக் கொண்டு, புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்தில் கடல் அலைகளின் உயரத்தை இணையத்திலிருந்து பெற்று, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அக்காலக் கணினிகளில் பொதுவாக 16 அல்லது 32 மெகாபைட் நினைவகமே இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று என்ன நடக்கிறது? கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். கோப்பாக இருக்கும்போது அது சுருங்கி 4 மெகாபைட் அளவில் இருக்கலாம். முழு அளவில் விரித்துத் திரைக்குக் கொண்டுவர, ஒரு புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 48 மெகாபைட் வேண்டும். ஒரே ஒரு படம் 1998இன் ஒரு கணினியின் நினைவகத்தையே விழுங்கிவிடும்! அந்தப் பெண் புகைப்படம் ஏற்றும்போதே உலாவி விழுந்ததற்கு ஒரு காரணம் இது. விளிம்புவரை நிறைந்த ஏரிக்கு ஒரு மழை போதும்.

அளந்து பார்த்தோம்

குரோம் உலாவியில் ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஒவ்வொரு டேப்பும் எவ்வளவு நினைவகம் பிடித்திருக்கிறது என்பதை அது காட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெகாபைட் கணக்கில் குறித்துக்கொண்டோம்.

மின்னஞ்சல் பக்கம்: 260, 262, 259, 261.
விண்ணப்பப் பக்கம்: 110, 112, 110, 111.
கிரிக்கெட் ஸ்கோர் பக்கம்: 900, 1100, 1300, 1500.

திருடன் அகப்பட்டான்! மின்னஞ்சல் பக்கம் பெரியதுதான். ஆனால் ஓரிடத்தில் நிற்கிறது. ஸ்கோர் பக்கமோ நிமிடத்துக்கு 40 மெகாபைட் வீதம் ஏறுகிறது. அவள் வரைபடம் வரைந்தாள், நேர்கோடு வந்தது. முதல் அளவை 7 மணிக்கு எடுத்தோம். கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் 6.40க்கு 100 மெகாபைட். "அண்ணா, 6.40க்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். "அப்பதாம்மா மூடிக்கிட்ட பிரவுசரை மறுபடி திறந்தேன். பழைய பக்கமெல்லாம் தானா வந்துச்சு" என்றார் அவர். காலையில் யாரோ திறந்துவிட்டுப் போன பக்கம், ஒவ்வொரு முறையும் உயிர்த்தெழுந்து வந்திருக்கிறது!

குப்பை அள்ளாத வீடு

அந்தப் பக்கம் ஏன் வளர்ந்தது? இன்றைய இணையப் பக்கம் அச்சிட்ட தாள் போன்றதன்று. அதற்குள் ஒரு நிரலே ஓடுகிறது. அது சில நொடிகளுக்கு ஒருமுறை புதிய ஸ்கோரையும் விளம்பரங்களையும் கொண்டுவருகிறது. வேண்டாத பழையவற்றை அகற்ற, உலாவிக்குள் 'குப்பை சேகரிப்பு' என்னும் ஏற்பாடு இருக்கிறது. 1959இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்னும் கணினி மொழிக்காகக் கண்ட முறை இது. ஒரு தகவலை நிரலின் எந்தப் பகுதியும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால், அது குப்பை, அள்ளிவிடலாம். ஆனால் எழுதியவர் கவனக்குறைவாகப் பழைய ஸ்கோர்களை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே போயிருந்தால்? யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சேகரிப்பான் தொடாது. இதையே நினைவகக் கசிவு என்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் அளவுக்கு மீறி நினைவகம் எடுக்கிறது என்ற புகார் நெடுநாள் இருந்தது. 2011இல் மொசில்லா பொறியாளர்கள் 'மெம்ஷ்ரிங்க்' என்ற திட்டத்தைத் தொடங்கி, அளந்து அளந்து கசிவுகளை அடைத்தார்கள். பல கசிவுகளுக்குக் காரணம் உலாவியல்ல. பயனர்கள் சேர்த்துக்கொண்ட எக்ஸ்டென்ஷன் என்னும் துணை நிரல்களே என்று தெரியவந்தது. 2012இல் வந்த 15ஆம் பதிப்பு அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்தது.

எல்லாச் செலவும் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தளம் இன்னொரு தளத்தின் இரகசியத்தைத் திருடாதபடி, 2018இல் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பிரித்து வைத்தது. இதற்கு 10 முதல் 13 விழுக்காடு வரை நினைவகம் கூடுதலாகத் தேவைப்படலாம் என்று கூகுளே அறிவித்தது. அது பாதுகாப்புக்காகக் கொடுக்கும் விலை.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணினி திணறினால், முதலில் செய்த வேலையைச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு டேப்பின் அளவையும் 15 நிமிடம் குறித்து வரைபடம் வரையுங்கள். ஏறுகிற கோடு எது? அந்த டேப்பை மட்டும் மூடி, மறுபடி அளவுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இது ஆய்வுக்கூட விதி. எந்த டேப்பும் குற்றவாளி இல்லையென்றால் துணை நிரல்களைச் சோதியுங்கள். எட்டு இருந்தால் எட்டுச் சோதனை வேண்டாம். நான்கை நிறுத்துங்கள், ஏற்றம் நின்றால் குற்றவாளி அந்த நான்கில் ஒன்று. பிறகு இரண்டு, பிறகு ஒன்று. மூன்றே சோதனைகள் போதும்! உலாவியின் 'ஹிஸ்டரி'யை அழிப்பதால் பயனில்லை. அது வன்தட்டில் இருப்பது, ரேமில் அன்று.

அன்று மாலை அந்த ஸ்கோர் டேப்பை மூடினோம். 1500 மெகாபைட் விடுபட்டது. அவள் விண்ணப்பத்தை மூன்றாம் முறையாக நிரப்பினாள்; எட்டரை மணிக்கு 'பெறப்பட்டது' என்ற செய்தி திரையில் வந்தது. 'பழசு' என்று தள்ளப்பட இருந்த அந்தக் கணினி அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் உழைத்தது. அதை வாழ வைத்தவை ஒரு பென்சிலும் நான்கு அளவுகளுமே!