படம் எடுக்கலாமா?

சென்ற தவணையில் மாணவர் ஒருவர், "சேர், கோயிலிலே சாமியைப் படம் எடுத்தால் என்ன பிழை?" என்று வினவினார். பிளாட் புஷ்ஷில் சிறுவர் கையிலும் ஒளிப்படக் கருவி உள்ள இக்காலத்தில், இதற்குத் தெளிவான விடை கூறுதல் நம் கடமையாகும்.

முதற் காரணம் வழிபாடு. ஆகம மரபில் மூலஸ்தானத்துத் திருவுருவம் காட்சிப்பொருள் அன்று. அங்கு எழுந்தருளியிருக்கும் இறைவனே. தீபாராதனை வேளையில் கைகள் கூப்புவதற்கே உரியன. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் கைத்தொலைபேசியைத் தடைசெய்யுமாறு பணித்தபோதும், கோயிலின் தூய்மையையும் புனிதத்தையும் பேணுதலையே நோக்கமாகக் கொண்டது.

இரண்டாவது, பொருளின் பாதுகாப்பு. ஒளி சாயங்களை மங்கச் செய்யும். மங்கிய வண்ணம் மீளாது. ஆதலால் நூதனசாலைகளில் பழந்துணிகளையும் நீர்வண்ண ஓவியங்களையும் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவான மெல்லொளியில் வைப்பர். பிளாஷ் ஒளி ஒருமுறை படுவதால் விளையும் கேடு சிறிதே. ஆயினும் அது பிறர் பார்வைக்கு இடையூறாகும்.

மூன்றாவது, உரிமை. இந்நாட்டு மாவோரி மக்களின் மராயேயில் இசைவு பெற்றே படம் எடுத்தல் முறை. பச்சை குத்திய முன்னோரின் தலைகளைத் தே பாப்பா நூதனசாலை காட்சிக்கு வைப்பதில்லை.

எனினும், படம் வேண்டாத பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோய், 2004 இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தை அடைந்தது. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் அச்சிலையைக் கோயிலிலேயே 1974 இல் எடுத்து வைத்திருந்த படம் உண்மையை உரைத்தது. 2014 இல் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது.

1995 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்தபோது நான் மாணவன். மீண்டு சென்றபோது எங்கள் ஊர்ச் சிறு கோயிலில் சுவர்களே எஞ்சியிருந்தன, விக்கிரகம் இல்லை. அங்கு எவரும் படம் எடுத்ததில்லை. அதன் திருமுகத்தை என் பிள்ளைகளுக்குக் காட்ட என்னிடம் எதுவுமில்லை. களவுபோயிருந்தால், எங்களுடையது என நிறுவவும் வழியில்லை.

ஆகவே மாணவர்களே, தடையுள்ள இடத்தில் கருவியைப் பையில் வையுங்கள். இசைவுள்ள இடத்தில் கோபுரத்தையும் தூணையும் கல்வெட்டையும் படமெடுத்து, ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். பெற்றோரே, நம் கோயில்களின் திருவுருவங்களைப் பூசை இல்லா வேளையில், குருக்களின் இசைவோடு, முறையாகப் படமெடுத்துப் பதிவுசெய்யுமாறு நிருவாகத்தாரை வேண்டுங்கள். ஒருமுறை எடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும்.