எல்லையோர கிராமங்களில் பெண்களுக்குப் புற்றுநோய்: படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி

புதுதில்லி: கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது கோட்டுகால் ஊராட்சி. ஒருபுறம் அரபிக் கடல். அருகிலேயே 2025 மே மாதம் பிரதமர் திறந்துவைத்த விழிஞ்ஞம் துறைமுகம். மறுபுறம் பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு.

1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் தமிழகத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கோடு விழுந்த பிறகும் இரு பக்கமும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை. அக்காள் கேரளத்தில், தங்கை தமிழகத்தில் என்று வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். மருத்துவப் பதிவேடுகளோ அந்தக் கோட்டோடு நின்றுவிடுகின்றன. பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இது எத்தனை பெரிய இடைவெளி என்பதை சினைப்பை புற்றுநோய் உணர்த்துகிறது.

சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் 47 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் புதிதாக சினைப்பை புற்றுநோய்க்கு ஆளாகினர். ஏறத்தாழ 33 ஆயிரம் பேர் இறந்தனர். கருப்பை வாய் புற்றுநோயின் எண்ணிக்கை இதைவிடப் பெரியது: 1.27 லட்சம் புதிய நோயாளிகள், ஏறத்தாழ 80 ஆயிரம் மரணங்கள். ஆனால், நோயுற்றோருக்கும் இறந்தோருக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் சினைப்பை புற்றுநோயே கொடியது என்பது புலப்படும்.

கிராமங்களில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: "கர்ப்பப்பை கேன்சர்". கருப்பையின் வாயில் வருவது, அதன் உட்சுவரில் வருவது, சினைப்பையில் வருவது ஆகிய மூன்றும் வெவ்வேறு காரணங்களால், வெவ்வேறு வயதில், வெவ்வேறு அறிகுறிகளுடன் வருபவை. தடுக்கும் வழிகளும் வேறு வேறு. கருப்பை வாய்க்கான "பாப் ஸ்மியர்" சோதனையில் குறையொன்றும் இல்லை என்று முடிவு வந்ததும், சினைப்பைக்கும் சேர்த்தே நற்சான்று கிடைத்துவிட்டதாகக் கருதி நிம்மதி அடையும் பெண்கள் படித்தவர்களிலும் உண்டு.

தடுக்கக்கூடியது: மூன்றில் கருப்பை வாய் புற்றுநோயை முற்றிலுமாகவே தடுக்க இயலும். எச்பிவி எனப்படும் வைரஸின் சில வகைகள் பல ஆண்டுகள் உடலில் நிலைத்திருப்பதே இதற்குக் காரணம். தடுப்பூசி உண்டு, புற்றாக மாறும் முன்னரே கண்டறியும் சோதனையும் உண்டு. இதற்கான முக்கியச் சான்று தமிழ் மண்ணிலிருந்தே கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பங்களிப்புடன் நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். ஒரே ஒரு முறை செய்த இச்சோதனையால் நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைந்ததாக 2007-ல் "லான்செட்" இதழில் முடிவு வெளியானது. ஆய்வுக்குத் தலைமை வகித்த டாக்டர் ஆர்.சங்கரநாராயணன், முன்னர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியவர். ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குச் சோதனை செய்யாமல் விட்டது முறையா என்ற கேள்வியும் பின்னாளில் எழுந்தது; அதையும் மறைப்பதற்கில்லை.

இருந்தும் நடைமுறை என்ன? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதேனும் இச்சோதனையைச் செய்துகொண்டவர்கள் தமிழகத்தில் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9 சதவீதம் என்பதால், இதுவே பெருமைக்குரிய எண்ணாகிவிட்டது. சுகாதாரக் குறியீடுகள் எல்லாவற்றிலும் முன்னணியில் நிற்கும் கேரளத்தில் 3.5 சதவீதம் மட்டுமே. 1981-ல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மையம், நாட்டின் முதன்மையான புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்று. கோட்டுகாலில் இருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. குமரி மாவட்ட நோயாளிகளும் பெருமளவில் அங்கேயே செல்கின்றனர். சிகிச்சைக்கான இடம் அருகில் இருப்பதும், நோய்க்கு முந்தைய சோதனை வீட்டு வாசலுக்கு வருவதும் ஒன்றல்ல என்பதையே இந்த 3.5 சதவீதம் காட்டுகிறது. கேரள அரசு 2025 பிப்ரவரி 4-ம் தேதி தொடங்கிய "ஆரோக்கியம் ஆனந்தம்" இயக்கம், முதல் கட்டமாகப் பெண்களின் மார்பக, கருப்பை வாய் பரிசோதனையையே கையில் எடுத்தது.

தடுப்பூசியின் கதையில் தில்லிக்கும் பங்கு உண்டு. 2009-ல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வதோதரா மாவட்டங்களில் சிறுமிகளுக்கு இது சோதனைத் திட்டமாகப் போடப்பட்டது. ஏழு சிறுமிகள் இறந்ததை அடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என விசாரணைக் குழு கூறியது. எனினும், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டது உள்ளிட்ட விதிமீறல்களை நாடாளுமன்ற நிலைக்குழு 2013-ல் கடுமையாகக் கண்டித்தது. அந்த அவநம்பிக்கையின் விலையாக ஒரு தலைமுறைச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி தள்ளிப்போனது. 2022-ல் உள்நாட்டுத் தயாரிப்பான "செர்வாவாக்" அனுமதி பெற்றது. 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி போடுவதை அரசு ஊக்குவிக்கும் என்று 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார்.

சோதனை இல்லாத நோய்: சினைப்பையின் நிலை இதற்கு நேர்மாறானது. இதற்குத் தடுப்பூசி இல்லை. அறிகுறியற்ற பெண்களிடம் நோயை முன்கூட்டியே கண்டறிந்து உயிர் காக்கும் சோதனையும் இல்லை. பிரிட்டனில் 2001-ல் தொடங்கி 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் "சிஏ-125" ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ செய்து பார்த்தனர். ரத்தப் பரிசோதனையை முதன்மையாகக் கொண்ட பிரிவில் ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. மரணம் மட்டும் குறையவில்லை. 2021-ல் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகுக்கே ஏமாற்றம் அளித்தது.

ஆனாலும், "முழு உடல் பரிசோதனை" என்ற பெயரில் நம் ஊர்களில் விற்கப்படும் தொகுப்புகள் சிலவற்றில் சிஏ-125 இன்றும் இடம்பெறுகிறது. மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும் இந்த அளவு உயரும். காசநோய் மிகுந்த நாட்டில் வயிற்றில் நீர் கோத்து, சிஏ-125-ம் உயர்ந்திருந்தால், புற்றுநோயா காசநோயா என்று திசு ஆய்வு இல்லாமல் தீர்மானிக்க முடியாது. தேவையில்லாத அச்சத்தையும் தேவையில்லாத அறுவை சிகிச்சையையும் தருவதைத் தவிர, நலமாக இருக்கும் பெண்ணுக்கு அந்த ரத்தப் பரிசோதனையால் பயனில்லை.

அச்சம் வணிகமாவதற்கு வேறு உதாரணமும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் என்பது 2019-ல் வெளிச்சத்துக்கு வந்தது. "விட்டால் கேன்சராகிவிடும்" என்று பயமுறுத்தியே பலரை அறுவை மேஜைக்கு அனுப்பியிருந்தனர். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. கருப்பையை மட்டும் அகற்றினால் சினைப்பை அங்கேயேதான் இருக்கும். இளம் வயதில் சினைப்பையையும் சேர்த்து அகற்றினால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும்.

யாருக்கு அபாயம் அதிகம்?: சினைப்பையில் ஒவ்வொரு முறை முட்டை வெளியேறும்போதும் ஏற்படும் சிறு காயமும் அது ஆறுவதும், நோயின் தோற்றத்தோடு தொடர்புடையவை என்று கருதப்படுகிறது. முட்டை வெளியேறுவதை நிறுத்திவைக்கும் கர்ப்பமும், தாய்ப்பால் கொடுப்பதும், கருத்தடை மாத்திரையும் அபாயத்தைக் குறைக்கின்றன. மாத்திரையை ஐந்தாண்டு உட்கொண்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். நிறுத்திய பிறகும் அந்தப் பாதுகாப்பு பல ஆண்டுகள் நீடிக்கும். எனினும் ரத்தக்கட்டு ஆபத்து உள்ளவர்களுக்கு மாத்திரை ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. கேரளத்திலும் தமிழகத்திலும் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 2019-21 தேசிய ஆய்விலேயே 1.8 ஆகக் குறைந்திருந்தது. தொகுதி மறுவரையறை அச்சத்தில் அதிகப் பிள்ளைகள் பெறச் சொன்ன தென்மாநிலத் தலைவர்கள்கூட இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை; சொல்லாததும் நல்லதே.

இந்நோயின் மிகக் கொடிய வகை, சினைப்பையில் அல்லாமல் கருக்குழாயின் நுனியில் தோன்றி அங்கிருந்து பரவுகிறது என்பது கடந்த இருபதாண்டுகளில் தெளிவாகியுள்ளது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு இந்நோய் ஓரளவு குறைவாக இருப்பது முன்னரே கவனிக்கப்பட்டது. தமிழகத்தில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அறுவை செய்துகொண்டவர்கள். வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்கும்போது, குழந்தைப்பேறு முடிந்த பெண்ணின் சம்மதத்துடன் கருக்குழாய்களை முழுவதுமாக அகற்றிவிடும் முறை, 2010-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருந்து பரவத் தொடங்கியது.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் பரம்பரையில் இருக்கிறது. சாதாரணமாக ஒரு பெண்ணின் வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைச் சற்றுத் தாண்டும். "பிஆர்சிஏ-1" மரபணுவில் பழுது இருந்தால் அது நூற்றுக்கு நாற்பதை எட்டலாம். "பிஆர்சிஏ-2" என்றால் இருபதை நெருங்கலாம். இதே பழுதுதான் மார்பகப் புற்றுநோயையும் தருகிறது. தந்தை வழியாகவும் வரும். எனவே, சித்திக்கு மார்பகத்தில் வந்த புற்றுநோயும், அத்தைக்கு "வயிற்றில்" வந்த புற்றுநோயும் ஒரு பெண்ணுக்கு வெறும் குடும்பத் துயரம் மட்டுமல்ல, முன்னெச்சரிக்கையும்கூட. பழுது உறுதியானால், பிஆர்சிஏ-1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பிஆர்சிஏ-2 உள்ளவர்களுக்கு 40 முதல் 45-க்குள்ளும், குழந்தைப்பேறு முடிந்த பிறகு, சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்ற மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர். நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-ல் செய்துகொண்டது இதுவே. இங்கு முன்னர் சொன்ன அச்ச வணிகத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, மரபணுச் சோதனையும் ஆலோசனையும்தான்.

கருப்பை உட்சுவர் புற்றுநோய்க்கு உடல் பருமனும் சர்க்கரை நோயும் முக்கியக் காரணிகள். கேரளப் பெண்களில் 38 சதவீதம் பேரும், தமிழகப் பெண்களில் 40 சதவீதம் பேரும் மிகை எடை உடையவர்கள் என்கிறது அதே தேசிய ஆய்வு. நல்லவேளையாக, இந்நோய் பெரும்பாலும் தன்னை அறிவித்துவிடும்: மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி ரத்தம் கண்டாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சினைப்பை அப்படி அறிவிப்பதில்லை. வயிறு உப்பல், கொஞ்சம் உண்டதும் நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என அதன் மொழி வாயுக் கோளாறின் மொழியே. சுக்குக் கஷாயத்திலும் மாத்திரைக் கடையிலுமாக மாதங்கள் கழிந்துவிடும். புதிதாகத் தோன்றிய இத்தொல்லை மாதத்தில் 12 நாள்களுக்கு மேல் நீடித்தால், குறிப்பாக 50 வயதைக் கடந்தவர்கள், ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப நிலையில் சிகிச்சை பெற்றால் பெரும்பாலானோர் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கின்றனர். வயிறு முழுவதும் பரவிய பின் அந்த வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது.

படிவம் என்ன கேட்கிறது?: 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கான பரிசோதனை நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வெளியிட்டது. சினைப்பை அதில் இல்லை. சோதனையே இல்லாத நோய்க்கு அதுவே சரி. ஆனால், வீடு வீடாகச் சென்று ஆஷா ஊழியர்கள் நிரப்புவதற்காக வகுக்கப்பட்ட படிவத்தில் குடும்ப வரலாறு குறித்து ஒரு கேள்வி வைக்கப்பட்டது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய் உண்டா என்பது அக்கேள்வி. புற்றுநோய் அதில் சேர்க்கப்படவில்லை.

சேர்ப்பதற்குக் கருவி எதுவும் தேவையில்லை; கூடுதலாக ஒரு வரி போதும். கேரளத்தில் ஆஷா ஊழியரும், தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்ட ஊழியரும், ஒரே குடும்பத்தின் இரு பாதிகளைத் தனித்தனியே சந்திக்கின்றனர். பாறசாலையில் அக்காளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததை, களியக்காவிளையில் வாழ்க்கைப்பட்ட தங்கையிடம் கேட்டால் மட்டுமே தமிழகத்தின் பதிவேடு அறியும்.