தொடாமல் ஓடும் இரும்பு

டீசல் என்ஜினின் ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், புது கேஸ்கெட் வாங்கும் முன் ஓர் அளவு எடுப்பார். பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, டயல் கேஜை வைத்து, அதன் தலை பிளாக்கின் மேல்மட்டத்தைத் தாண்டி எவ்வளவு துருத்தி நிற்கிறது என்று பார்ப்பார். ஃபோக்ஸ்வேகனின் 1.9 லிட்டர் டிடிஐ என்ஜினில் இது 0.91 மில்லிமீட்டரிலிருந்து 1.20 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 1.00 வரை என்றால் ஒரு துளை போட்ட கேஸ்கெட், 1.10 வரை என்றால் இரண்டு துளை, அதற்கும் மேல் என்றால் மூன்று துளை. துளை கூடினால் கேஸ்கெட்டின் தடிமன் கூடுகிறது என்று பொருள். பிஸ்டன் தன் சிலிண்டரை விட்டு வெளியே எட்டிப் பார்க்கிறது. அதற்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

இவ்வளவு நெருக்கம் வீம்புக்காக அல்ல. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது 500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய என்ஜினும் இந்த நம்பிக்கையில்தான் ஓடியது. காற்று ஒதுங்கிக்கொள்ள மூலையில் இடம் விட்டால் நெருக்கம் குறையும், நெருக்கம் குறைந்தால் சூடு போதாது. அதனால் பிஸ்டனை ஹெட்டின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஆனால் அதே வாசலில்தான் வால்வுகளும் தலைகீழாகத் தொங்குகின்றன. வால்வு கீழே இறங்கும்போது பிஸ்டன் விலகிப் போயிருக்க வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும்போது பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே போக எடுத்துக்கொள்வது 7.5 மில்லிசெகண்ட். இந்த முறைமையைக் காப்பது, பல டீசல் கார்களில், ஒரு ரப்பர் பட்டை. அதுதான் டைமிங் பெல்ட்.

பல் வைத்த இந்தப் பெல்ட் கார் உலகத்தில் பிறந்ததல்ல. 1940-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் சிங்கர் தையல் இயந்திரத்துக்காக இதை உருவாக்கினார். மேலே ஊசி இறங்கும் கணத்தில் கீழே பாபின் நூல் தயாராக இருக்க வேண்டும். வழுவழுப்பான பெல்ட் கொஞ்சம் வழுக்கினாலும் தையல் விட்டுப்போகும். அதற்குத் தீர்வாக வந்த பல்தான், 1962-இல் பவேரியாவின் கிளாஸ் நிறுவனம் தயாரித்த சிறிய காரில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றியது. 1976-இல் வந்த கோல்ஃப் டீசலில் அதே வகைப் பெல்ட் கேமோடு எரிபொருள் பம்பையும் சேர்த்து இழுத்தது.

பெல்ட்டின் உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. கண்ணாடி இழை கிட்டத்தட்ட நீளாது என்பதே அதன் பெருமை. பல்லின் மேல் நைலான் துணி போர்த்தியிருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2000 சுற்றில் போகிற ஒரு கார் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் 20 கோடி முறை சுற்றியிருக்கும்; ஒவ்வொரு வால்வும் 10 கோடி முறை திறந்து மூடியிருக்கும். அத்தனை முறையும் கணக்குத் தவறாமல் சொன்னது இந்தப் பட்டைதான். 1990-களின் இறுதியில் ஃபோக்ஸ்வேகன், கேம் ஷாஃப்ட்டே இன்ஜெக்டர்களை அழுத்தி 2000 பாருக்கும் மேலான அழுத்தத்தை உண்டாக்கும் அமைப்பைக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு தெளிப்பும் பெல்ட்டைச் சுண்டி இழுத்தது. பொறியாளர்கள் பெல்ட்டை 30 மில்லிமீட்டருக்கு அகலமாக்கினார்கள். அதோடு நிற்காமல், கிராங்க் சக்கரத்தில் குறிப்பிட்ட இடங்களில் பல்லிடுக்கை மட்டும் வேண்டுமென்றே சற்று அகட்டினார்கள். இழுபடும் கணத்தில் பெல்ட்டின் பல் எங்கே வந்து உட்காருமோ அங்கே மட்டும் கொஞ்சம் தளர்வு. என்ன அழகான சிந்தனை!

பெல்ட் தானாகக் கிழிந்து அறுவது மட்டுமல்ல, அதன் வழியில் இருக்கும் மற்றொன்று பழுதாகி அதை அறுப்பதும் பல் உதிரச் செய்வதும் உண்டு. டென்ஷனரின் பேரிங், ஐட்லர், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்று எது இறுகினாலும் போதும். அதனால்தான் நல்ல மெக்கானிக் பெல்ட்டை மட்டும் மாற்ற மறுத்து, இவை எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார். அவர் காசு பிடுங்கவில்லை. பெல்ட் அறுந்தால் கேம் சட்டென்று நிற்கும். கிராங்கோ ஃப்ளைவீலின் வேகத்திலும், கியரில் இருக்கும் வண்டியின் உந்துதலிலும் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்தபடி நின்றுவிட்ட வால்வுகளைப் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும். அப்புறம் ஹெட்டை இறக்காமல் வேலை முடியாது.

மாற்றும் வேலையிலும் அதே கறார் வேண்டும். கேமையும் கிராங்கையும் அவற்றுக்குரிய பின்களால் பூட்டிவிட்டுத்தான் பழைய பெல்ட்டைக் கழற்றுவார்கள். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் தவறி மாட்டினாலே கிராங்க் கணக்கில் 18 டிகிரி பிசகு. புதுப் பெல்ட்டை மாட்டியதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தத்தம் துளையில் இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பிஸ்டனும் வால்வும் தொடாமலிருக்கப் பெல்ட் இருக்கிறது. கிராங்கும் அதன் பேரிங்கும் தொடாமலிருக்க ஆயில் இருக்கிறது. இது இன்னும் வியப்பானது.

1883-இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளை ஆராய்ந்தார். ஆயில் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போகாமல் துளை வழியே பொங்கி வந்தது. கார்க் வைத்து அடைத்தார், கார்க் வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டை வைத்தார், அதுவும் வந்துவிட்டது. பிரஷர் கேஜ் பொருத்தினார். முள் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு என்ற கடைசிக் கோட்டையும் தாண்டியது. பேரிங் மேல் அவர் ஏற்றியிருந்த சுமையின் சராசரியோ சுமார் 100 பவுண்டுதான். சுற்றும் அச்சு, குறுகிக்கொண்டே போகும் இடுக்குக்குள் ஆயிலை இழுத்துச் சென்று, தன்னைத் தாங்கும் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதினார்.

டீசல் என்ஜினில் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கின் மேல் டன் கணக்கில் இறங்குகிறது. அதைத் தாங்கும் ஆயில் படலம் மிக மெலிந்த இடத்தில் சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் குறுக்களவில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகலாம். அந்தப் படலத்துக்குள் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாரை எட்டும். ஆயில் பம்ப் தருவதோ இரண்டிலிருந்து ஐந்து பார். சுமையைத் தாங்குவது பம்ப் அல்ல. ஓரங்களில் வழிந்துபோகும் ஆயிலுக்குப் பதிலாகப் புது ஆயிலை ஓயாமல் கொண்டுவந்து கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அது நின்றால் படலம் வடிந்துவிடும். சுழற்சி எவ்வளவு வேகமாக இருந்தாலும் இழுத்துச் செல்ல ஆயில் இருக்காது. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் டர்போ முதலில் போகும். பிறகு பேரிங் கிராங்கோடு ஒட்டி, என்ஜின் சீஸ் ஆகும்.

இதற்குச் சோகமான உதாரணம் ஃபோக்ஸ்வேகனின் 2.0 லிட்டர் டிடிஐ. நான்கு சிலிண்டர் என்ஜினின் அதிர்வைக் குறைக்க, கிராங்கைப் போல் இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு தண்டுகளைக் கீழே வைத்தார்கள். அதில் ஒன்றின் முனையிலிருந்து ஆயில் பம்பைச் சுழற்றியது, 77 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அறுகோணக் கம்பி. பல என்ஜின்களில் அதன் விளிம்புகள் தேய்ந்து உருண்டையாகின. ஒருநாள் கம்பி சுற்றும், பம்ப் சுற்றாது. சிவப்பு ஆயில் லைட் எரியும். அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே எரிகிற விளக்கு அது. ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்கு அங்கே இடமில்லை. அந்த இடத்திலேயே என்ஜினை அணைக்க வேண்டும்.

பெல்ட்டும் ஆயிலும் ஒன்றையொன்று பார்க்காமல் வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது. ரப்பர் மேல் ஆயில் படக் கூடாது என்பதே பழைய விதி. பின்னர் உராய்வையும் சத்தத்தையும் குறைக்க, ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட்டுகள் வந்தன. ஃபோர்டு 2016-இல் அறிமுகப்படுத்திய 2.0 லிட்டர் ஈகோபுளூ டீசலில் இத்தகைய பெல்ட்தான். பொருத்தமான ஆயில் ஊற்றி, காலத்தில் மாற்றினால் அது தன் வேலையைச் செய்யும். ஆனால் டீசலின் புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்ய என்ஜின் கூடுதலாகத் தெளிக்கும் எரிபொருளில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்குகிறது. எரிபொருள் கலந்த ஆயிலில் ரப்பர் ஊறும், உப்பும், உதிரும். உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்பின் வாயில் உள்ள சல்லடையை அடைக்கும். பெல்ட் அறாமலே, பேரிங்குகள் வறண்டு என்ஜின் சாகும்.

ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட்டே ஆயிலுக்குள் இருந்தால் ஆபத்து இன்னும் நேரானது. 2023-இல் அமெரிக்காவில் ஃபோர்டு, 1.0 லிட்டர் பெட்ரோல் என்ஜின் வைத்த ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் சுமார் 1.39 லட்சத்தைத் திரும்ப அழைத்தது இந்தப் பெல்ட்டாலும் அதன் டென்ஷனராலும்தான். அமெரிக்காவில் ஓடிய ஈகோஸ்போர்ட்டுகள் நம் மறைமலைநகரில் செய்யப்பட்டுக் கப்பலேறியவை.

ஆயிலில் ஊறும் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. பிரெஞ்சு பியூர்டெக் பெட்ரோல் என்ஜினில் ஆயில் ஊற்றும் வாய்வழியே ஓர் அளவுகோலை உள்ளே விட்டுப் பெல்ட்டின் அகலத்தைப் பார்க்கிறார்கள். அளவுகோலின் இடுக்கில் பெல்ட் நுழையவில்லை என்றால் அது உப்பிவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றும்போது சம்ப்பையும் இறக்கி, சல்லடையில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.