உதிரும் பனம்பழமும் குடும்ப ஜீவனமும்

காஞ்சீபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்பூதூர் தாலுகாவைச் சேர்ந்த தண்டலமும் அதன் சுற்றுப்புறக் கிராமங்களும் ஏரிப்பாசனத்தை நம்பிப் பயிரிட்டுவந்த ஊர்களாகும். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களில் 1990ஆம் ஆண்டுகளின் இறுதி தொடங்கி மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், சாகுபடி நிலம் பெரிதும் குறைந்தது; வயல் வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. எஞ்சிய வயல்களின் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் பனைமரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால், "ஏறுவதற்கு ஆளில்லை, மரத்தால் வருமானமில்லை, சூளைக்கு விற்றால் கைக்குப் பணமாவது கிடைக்கும்" என்று கூறும் மிராசுதாரர் பலர். இவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஆராய்வோம்.

ஏறவேண்டிய பலனும் ஏறவேண்டாத பலனும்

பனையின் பலன்களுள் பதநீருக்கே மிகுந்த உழைப்பு வேண்டும். பாளையைச் சீவிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டி, நாள்தோறும் காலையும் மாலையும் மரம் ஏறுதல் அவசியம். அத்தொழிலில் பழகியவர் இல்லாத ஊரில் இதனை எதிர்பார்ப்பதற்கில்லை. நுங்குக்கோ ஒரு பருவத்தில் சில முறை ஏறினாற் போதும். பனம்பழத்திற்கு ஒருமுறையேனும் ஏறவேண்டுவதில்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் பழம் கனிந்து தானே உதிரும். அதைப் பொறுக்கிச் சேர்க்கப் பெண்டிரும் முதியோரும் போதும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சித்திரை, வைகாசியில் எல்லாக் குலைகளையும் நுங்குக்காக வெட்டிவிட்டால் ஆவணியில் பழமும் இராது, விதையும் இராது. ஆகையால் நுங்கு வெட்டக் குத்தகைக்கு விடுவோர், மரத்துக்கு இரண்டு குலையேனும் பழுக்க விடவேண்டும் என்று முன்னதாகவே பேசிக்கொள்வது நலம்.

கிழங்குப் பாத்தி

உதிர்ந்த பழத்தில் ஒன்று முதல் மூன்று கொட்டைகள் வரை இருக்கும். கொட்டை முளைக்கும்போது அதிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி மண்ணுள் இறங்குகிறது. அதன் நுனியில் இளஞ்செடி உண்டாகிறது. கொட்டையினுள் இருக்கும் பருப்பின் சத்தே அத்தண்டின் வழியாக இறங்கிக் கிழங்காகத் திரள்கிறது. எனவே இப்பயிருக்கு எருவிடவேண்டிய அவசியமில்லை. வேண்டுவது ஆழமான, பொலபொலப்பான மண் ஒன்றே. மண் இறுகியிருப்பின் கிழங்கு கோணலாகும், தோண்டும்போதும் ஒடியும்.

மழைநீர் தேங்காத மேட்டிடத்தில், மணல் கலந்த மண்ணை 2 அடி உயரத்திற்குக் குவித்துப் பாத்தி அமைக்கவேண்டும். கொட்டைகளை அதன்மேல் நெருக்கமாகப் பரப்பி, நான்கு விரற்கடை கனத்திற்கு மண்ணிட்டு மூடவேண்டும். ஒரு கொட்டைக்கு 4 அங்குலச் சதுரம் எனக் கொண்டால் 1 சதுர அடிக்கு 9 கொட்டைகள் அடங்கும். 10 அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள பாத்திக்கு 270 கொட்டைகள் வேண்டும். ஒரு மரத்தடியில் 50 பழங்கள் பொறுக்கி, பழத்துக்கு 2 கொட்டையென்று கணக்கிட்டால், மூன்று பெண்பனைகள் இப்பாத்தியை நிரப்பிவிடும். மழையில்லாத நாட்களில் மட்டும் நீர் தெளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யுமாதலால், பாத்தியைச் சுற்றி வடிகால் வெட்டிவைத்தல் மிகவும் முக்கியம். பன்றி தோண்டாதபடி முள்வேலியும் இடவேண்டும்.

தோண்டுதலும் விற்பனையும்

ஏறக்குறைய நான்கு மாதங்களில், அதாவது மார்கழிக் கடைசியிலும் தையிலும், கிழங்கு முதிர்ந்துவிடும். பொங்கற் பண்டிகைக்குக் கரும்பும் மஞ்சளும் போலப் பனங்கிழங்கும் வாங்கப்படுவதால் விற்பனைக்கு அதுவே தக்க சமயம். ஸ்ரீபெரும்பூதூர், பூந்தமல்லி, கோயம்பேடு ஆகிய இடங்களின் சந்தைகள் தண்டலத்திற்கு எட்டிய தூரத்திலேயே உள்ளன. தொழிற்சாலைகளுக்குப் போய்வரும் பல்லாயிரம் பேர் நாள்தோறும் இவ்வழியே செல்கின்றனர். நிலத்தைக் குறைத்த தொழிற்சாலைகளே இப்பண்டத்தை வாங்குவோரையும் கொண்டுவந்திருக்கின்றன. கட்டுக்கட்டாகப் பச்சையாக விற்பதைவிட, மஞ்சளும் உப்பும் சேர்த்து வேகவைத்துச் சாலையோரத்தில் விற்றால் ஆதாயம் அதிகம்.

விற்று மீந்த கிழங்கு வீணாக வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தார் பச்சைக்கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியல் என்றும், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் என்றும் சேமிப்பர். ஒடியல் மாவினால் கூழும் பிட்டும் சமைப்பர். இலங்கையில் 1978ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. காயவைத்துச் சேமிக்கும் முறையை இவ்வட்டாரத்து மகளிர் குழுக்களும் கற்றுக்கொண்டால், பண்டிகை கழிந்ததும் விலை இறங்குமே என்ற அச்சம் நீங்கும். கிழங்கெடுத்தபின் எஞ்சும் கொட்டை ஓடு அடுப்புக்கு விறகாகும்.

பத்தில் ஒன்று கரைக்கு

பொறுக்கிய கொட்டைகள் அனைத்தும் கிழங்காகிவிட்டால் பனை அருகிப்போகும். பத்தில் ஒன்றையேனும் வரப்பிலோ கரையிலோ ஊன்றவேண்டும். நிரம்பக் காய்க்கும் மரத்தின் திரண்ட பழத்திலிருந்து விதை எடுத்தல் நன்று. முளையின் தண்டு ஆழமாக இறங்குவதால் நாற்றைப் பெயர்த்து நடுதல் கடினம். ஆகவே, நிற்கவேண்டிய இடத்திலேயே 10 அடிக்கு ஒன்றாக விதையை ஊன்றுவது உத்தமம். முதல் சில ஆண்டுகள் ஆடுமாடு மேயாமலும் நெருப்புப் பற்றாமலும் காத்தாற் போதும். ஆண்பனை, பெண்பனை என்பது பாளை வரும்வரை தெரியாதாகையால், தேவைக்குமேல் கூடுதலாகவே ஊன்றிவைக்கவேண்டும். பாளை வருவதற்கு 12 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். இன்று வெட்டப்படும் மரத்தின் இடத்தில் உடனே விதைத்தாலும், அவ்விடத்துப் பலன் அடுத்த தலைமுறைக்கே வந்துசேரும். சூளைக்காரர் கொடுக்கும் ஒருமுறை விலையோடு இக்காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதே முறை.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டியவை

பனை 1978ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் மாநில மரமாக இருந்துவருகிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் சட்டசபையில் வைக்கப்பட்ட வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனைவிதைகள் வழங்குவதாகவும், தவிர்க்க இயலாமல் பனையை வெட்ட நேர்ந்தால் மாவட்டக் கலெக்டரின் அனுமதி பெறவேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. இதனைக் குடியானவர்கள் யாவரும் அறியும்படி செய்தல் உத்தியோகஸ்தர்களின் கடமை.

ஏரிக்கரையில் விதைக்குமுன் உரிய அதிகாரியின் இசைவு பெறுதல் வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதனிற் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் பெருவெள்ளம், உறுதியான கரை எவ்வளவு அவசியம் என்பதை இவ்வட்டாரத்தாருக்கு நன்கு உணர்த்தியது. பனையின் வேர்கள் நெருங்கிப் படர்ந்து மண்ணைப் பற்றிக்கொள்பவை. புறம்போக்கு மரங்களின் உதிர்பழத்தை எவர் பொறுக்கலாம் என்பதை ஆவணிக்கு முன்பே கிராம சபையில் பேசி முடிவு செய்துவிட்டால், நிலமற்ற குடும்பங்களுக்கும் பாத்தி போட வழி ஏற்படும். வீண் சச்சரவும் உண்டாகாது.

தரையில் அழுகும் பழம் எவருக்கும் உதவுவதில்லை. வரும் ஆவணியில் வீட்டுக்கு ஒரு பாத்தியேனும் போட்டு, தையில் வந்த வரவைக் கணக்கெழுதிப் பார்த்தபின், பனையை வெட்டலாமா, வேண்டாமா என்பதைக் குடியானவர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.