கேள்விக் கோடும் மக்களின் தேவையும்

கேள்வியைக் கணித வடிவில் ஆராய்ந்த முன்னோடிகளுள் பிரெஞ்சு அறிஞர் கூர்னோ முக்கியமானவர். 1838 இல் வெளிவந்த அவரது நூல் கேள்வியை விலையின் சார்பாகக் கண்டது. அச்சார்பின் மிக எளிய வடிவம் நேர்கோட்டுச் சமன்பாடாகும்.

ஒரு சந்தையில் அரிசியின் விலையை வி எனவும் தொகையைத் தொ எனவும் கொள்வோம்.

கேள்வி: தொ = 100 − 2வி
நிரம்பல்: தொ = 3வி

இவ்வொருங்கமை சமன்பாடுகளைத் தீர்ப்பின் வி = 20, தொ = 60 எனப் பெறப்படும். இதுவே சந்தைச் சமநிலை.

இனி, உழைப்போரின் கூலி வீழ்ச்சியுற, ஒவ்வொரு விலையிலும் 20 அலகுகள் குறைவாகவே வாங்கப்படுகின்றன எனக் கொள்வோம். கேள்விச் சமன்பாடு தொ = 80 − 2வி என மாறும். புதிய சமநிலையில் வி = 16, தொ = 48. விலை குறைந்துள்ளது, மக்கள் பெறும் அரிசியும் குறைந்துள்ளது. ஆகவே மலிவு மாத்திரம் மக்கள் நலனுக்குச் சான்றாகாது. கேள்விக் கோடு பசியை அளப்பதில்லை. கொள்வனவுச் சக்தியோடு கூடிய விருப்பையே அளக்கின்றது.

இலங்கையில் 1979 இல் அரிசிப் பங்கீட்டின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. பங்கீடு குறித்த அளவு அரிசியை உறுதிசெய்தது. முத்திரையோ குறித்த ரூபாப் பெறுமதியை மாத்திரமே உறுதிசெய்தது. விலை இருமடங்காகும்போது அப்பெறுமதிக்குக் கிடைக்கும் அரிசி பாதியாகும். பின்வந்த விலையேற்றத்தில் முத்திரையின் மெய்ப்பெறுமதி தேய்ந்தது.

எனவே சமன்பாட்டைத் தீர்ப்பதோடு ஆய்வு முற்றுப்பெறாது. 100 என்ற மாறிலி எவ்வாறு 80 ஆயிற்று, அதனால் எவரது உலை கொதியாது போயிற்று என வினவுதலும் சமூக விஞ்ஞானியின் கடனாகும்.